பதினாறுக்கு இருபத்திரண்டு

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். அதன் ஒரு சுவர் முழுக்கப் பிளைவுட் பலகை. என் கணவர் வின்ஸ்டன் தம் கருவிகளை அந்தப் பலகையில் ஆணி அடித்து மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைப் பெயின்டால் கோடு இழுத்து வைத்திருந்தார். ஸ்பேனரை எடுத்தால் ஸ்பேனர் வடிவத்தில் வெள்ளைக் கோடு தெரியும். சுத்தியலை எடுத்தால் சுத்தியல்.

"எது இல்லைன்னு பலகையே சொல்லிரும், நான் யாரையும் கேக்க வேண்டியதில்லை" என்பார்.

ஆயில் எஞ்சின், பவர் டில்லர், புல் வெட்டும் மெஷின் எல்லாம் அவரிடம் வரும். கடையில் வாங்கிய கருவி எதையும் அவர் அப்படியே விட்டதில்லை. ஸ்பேனரைச் சூடு பண்ணி வளைப்பார். கைப்பிடியை அறுத்துவிட்டு வேறு கைப்பிடி வைப்பார். ஏன் என்று கேட்டால், "கம்பெனிக்காரன் என் கையைப் பாத்துட்டா செஞ்சான்?" என்பார். நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவள். புத்தகத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதினாலே எனக்குப் பிடிக்காது. அவரோ எதிலும் தம் கையெழுத்தைப் போடாமல் விடமாட்டார்.

போன ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை காலை, நான் நூலகத்தில் இருந்தபோது, பங்காரு அண்ணன் வந்து வாசலில் நின்றார். அவர் வீரபாண்டிப் பிரிவுக்குப் பக்கத்தில் சின்ன வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறார். என் கணவரோடு இருபது வருடப் பழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நூலகத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எஞ்சினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றும்போது அது சரிந்து மேலே விழுந்துவிட்டது என்று சொன்னார். நான் நம்பினேன். ஆஸ்பத்திரியில் அவரைக் கழுத்துவரை துணி சுற்றித்தான் காட்டினார்கள். வீட்டுக்கு நான் வருவதற்குள் ஒர்க்‌ஷாப்பைக் கழுவி விட்டிருந்தார்கள். பலகையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒரு கோடுகூடக் காலியாக இல்லை. இவ்வளவு ஒழுங்காக வைத்துவிட்டா போனார் என்று அதைப் பார்த்துத்தான் முதலில் அழுதேன்.

செப்டம்பரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்கு அவரவர் விளைச்சலிலிருந்தும் உழைப்பிலிருந்தும் ஒன்றைக் கொண்டு வந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் போகும். வாழைத்தார், பூசணிக்காய், கோழி, ஆடு, தைத்த பாவாடை எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவர் பழுது பார்த்த மிக்ஸியோ ஃபேனோ போகும். இந்த வருடம் என்ன கொடுப்பது என்று பலகைக்கு முன்னால் நின்று பார்த்தேன். ஒரு மரப் பெட்டியில் எட்டுக் கருவிகளை எடுத்து அடுக்கினேன். கையில் பிடித்து இரும்பை அறுக்கும் சின்ன கட்டிங் மெஷின் ஒன்றும் அதில் இருந்தது. மற்றவையெல்லாம் கிரீஸும் தூசியுமாக இருக்க, அது மட்டும் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. அதனால்தான் அதை எடுத்தேன். ஒரு துணியில் எண்ணெய் தொட்டு மேலும் ஒருமுறை துடைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஏலம் போனது. நான் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததால் யார் எடுத்தார்கள் என்று பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப் கரண்ட் இணைப்பைப் பெயர் மாற்றுவதற்காகக் காகிதங்களைத் தேடினேன். பங்காரு அண்ணன் ஒரு கவரில் ஒட்டிக் கொடுத்திருந்த காகிதங்கள் பீரோவில் இருந்தன. "இதெல்லாம் நீங்க பாக்க வேண்டியதில்லைங்க அம்மணி, எடுத்து மட்டும் வைங்க" என்று சொல்லியிருந்தார். இறப்புச் சான்றிதழ் நகல் அதில் இருக்கும் என்று கிழித்தேன். கையில் வந்தது போலீஸ் அறிக்கை. நான் எதைக் கையில் எடுத்தாலும் வாசித்துவிடுகிறவள்.

"மேற்படி நபர் சிறிய கட்டிங் மெஷினில் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு, அதற்குப் பொருந்தாத பெரிய அளவு வட்டினைப் பொருத்தி, ஃப்ளைவீலைத் தண்டில் இறுக்கும் சாவியை அறுத்துக்கொண்டிருந்தபோது, வட்டு உடைந்து சிதறி, ஒரு துண்டு கழுத்தில் பாய்ந்து…"

அதற்கு மேல் வாசிக்கவில்லை. எழுந்து பின்பக்கம் போனேன். பலகையில் எட்டு வெள்ளைக் கோடுகள் காலியாக இருந்தன. நடுவில் கட்டிங் மெஷினின் கோடு. அதற்கு மட்டும் கவசம் இல்லாத வடிவத்தில் கோடு இழுத்திருந்தார். அவ்வளவு நாளும் அது என் கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

அவரைக் கொன்றதை நான் எண்ணெய் போட்டுத் துடைத்து, பீடத்துக்கு முன்னால் வைத்து, ஜெபம் பண்ணி, யார் கையிலோ கொடுத்துவிட்டேன். இரண்டு நாளாகிவிட்டது. இந்நேரம் யாரோ அதைச் சொருகி, சுவிட்சை அழுத்தியிருப்பார்கள். பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏலத்தை நடத்திய ஞானாபரணம் ஐயாவுக்குப் போன் செய்தேன். கமிட்டியில் மூத்தவர்.

"பெட்டியா? ஆட்டுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவுல வந்துதே, அதுதானே? ஆடு கத்துன கத்துல நான் ஏலம் விட்டதே யாருக்கும் கேக்கலம்மா."

"யார் எடுத்தாங்கய்யா?"

"நம்ம ஷைலா. உன்கிட்ட சண்டே ஸ்கூல் படிச்சுதே, அந்தப் பொண்ணு. கிணத்துக்கடவுல கட்டிக் குடுத்திருக்கு. புருஷன் எட்வினும் வீட்டுலயே பட்டறை போட்டிருக்கானாம். வின்ஸ்டன் அங்கிள் கைபட்டது வேற யாருக்கும் போகக் கூடாதுன்னு விட்டுக்கொடுக்காம கேட்டுச்சு. சந்தோஷப்படு, நல்ல கைக்குத்தான் போயிருக்கு."

ஷைலாவின் நம்பரைக் கொடுத்தார். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எட்வினின் நம்பர் ஐயாவிடம் இல்லை.

அடுத்து பங்காரு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அவர் எதனால செத்தார்?"

"வாரேனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கால்மணி நேரத்தில் அவருடைய ஆம்னி வேன் வாசலில் நின்றது. நான் அறிக்கையைக் கையில் பிடித்தபடியே ஏறினேன். எங்கே போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

"அதையுமா பெட்டில வெச்சீங்க?"

"பளபளன்னு இருந்துது. ஏன் அப்படி இருந்துதுன்னு இப்பத்தானே தெரியுது."

துடியலூர் சிக்னலில் நின்றபோது அவராகவே ஆரம்பித்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"போலீஸ் பாத்துட்டுப் போனதும் நான்தானுங்க தொடச்சு மாட்டுனேன். எடுத்துட்டுப் போயிருந்தா பலகையில எடம் காலியா நிக்குமுங்க. நீங்க வந்ததும் இங்க இருந்தது எங்கன்னு கேப்பீங்க. கேட்டா சொல்லோணும். அதுதான் தொடச்சுப்போட்டு மாட்டிட்டேன்."

"சொன்னா என்னங்கண்ணா?"

"அவரு கையால செஞ்சதே அவரைக் கொண்டுட்டுப் போயிருச்சுன்னு ஒரு பொம்பளைகிட்ட எப்படிங்க சொல்றது?"

அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். வண்டியை ஓட்டியபடியே சொன்னார். இரும்பை அறுக்கும் வட்டைத்தான் வீல் என்பார்கள். பெரிய மெஷினுக்கு வரும் ஏழு இஞ்ச் வீலின் நடு ஓட்டை இருபத்திரண்டு மில்லிமீட்டர். சின்ன மெஷினில் அது உட்காரும் இடம் பதினாறு மில்லிமீட்டர். நடுவே ஒரு வளையம் கடைந்து வைத்தால் பொருந்திவிடும். அதற்குப் பெயர் புஷ். எஞ்சினுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே விரல் நுழையும் இடத்தில் பெரிய மெஷின் போகாது. சின்ன வீலுக்கு எட்டாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

"எத்தனை பெருசு இருக்கும் அது?"

"ஒரு மோதிரம் அத்தனைதானுங்க. ஆனா சின்ன மெஷின் பெருசை விட வேகமாச் சுத்துமுங்க. அந்த வேகத்தைப் பெரிய வீலு தாங்காது."

"அவருக்கு அது தெரியாதா?"

"தெரியுமுங்க. எனக்கும் தெரியும். நூறு தடவை ஒண்ணும் ஆகலைன்னா, தெரிஞ்சது தெரியாத மாதிரி ஆயிருமுங்க." கியரை மாற்றிவிட்டுத் தொடர்ந்தார்: "மொத புஷ்ஷை எனக்குத்தான் செஞ்சாரு. வார்ப்புல ஒட்டிட்டு நிக்கிற மிச்ச இரும்பை வெட்டறதுக்கு நான்தான் கேட்டேன். நல்லா இருக்குதேன்னு அவருக்கும் ஒண்ணு செஞ்சுக்கிட்டாரு. அவரு போன அன்னைக்குச் சாயந்தரமே என்னுதை உலையில போட்டுட்டேன். அவருதைக் கழட்டத்தான் கை வரலை. ஒடஞ்ச வீலை மட்டும் எடுத்துப்போட்டு, அப்படியே மாட்டிட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட இடமில்லாமல் பயம் நிறைந்திருந்தது. உக்கடம் பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் எங்கோ இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. வேனின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். கோயம்புத்தூரில் அந்தச் சத்தம் இல்லாத தெரு கிடையாது. அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை என்று தோன்றியது.

சுந்தராபுரம் தாண்டும்போது என் போன் அடித்தது. ஷைலா. இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, ஆறு மிஸ்டு கால் பாத்தேன். நல்லா இருக்கீங்களா?"

"எட்வின் எங்க இருக்காரும்மா?"

"ஊட்டுலதான். எனக்கு ஸ்கூல் இருக்கறதே அவருக்கு மறந்துபோச்சு ஆன்ட்டி. காலைல டிபன் கட்டிட்டியான்னுகூடக் கேக்கல, அங்கிளோட அந்தக் கட்டிங் மெஷினையே கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தாரு. நேத்து பொள்ளாச்சி போயி அதுக்குப் பெரிய வீல்கூட வாங்கிட்டு வந்துட்டாரு."

"ஷைலா, உடனே போன் போட்டு அதைத் தொட வேண்டாம்னு சொல்லு."

"என்னாச்சு ஆன்ட்டி?"

"சொல்லு முதல்ல."

இரண்டு நிமிடத்தில் திரும்ப அழைத்தாள். குரல் மாறியிருந்தது. "எடுக்க மாட்டேங்கறாரு ஆன்ட்டி. பட்டறைல இருந்தா போனை ஊட்டுக்குள்ள சார்ஜ் போட்டுட்டுப் போயிருவாரு."

பங்காரு அண்ணன் வேகத்தைக் கூட்டினார். மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம் எல்லாம் தாண்டினோம். அவர் நெற்றி வேர்வையைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் கண்ணை மூடினால் கழுத்துவரை சுற்றிய துணி தெரிந்தது. அதற்கு மேலே, நான் பார்த்தேயிராத எட்வினின் முகம். அதனால் கண்ணை மூடாமல் வந்தேன்.

ஷைலா சொன்ன அடையாளத்தை வைத்து, கிணத்துக்கடவைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் திரும்பினோம். ஓட்டு வீடு. பக்கத்தில் தகரப் பட்டறை. வண்டி நிற்கும்போதே உள்ளேயிருந்து மோட்டார் சத்தமும் இரும்பு கீச்சிடும் சத்தமும் வந்தன. பங்காரு அண்ணன் பட்டறையைப் பார்த்து ஓடினார். எனக்கு அங்கே போகத் தைரியமில்லை. வீட்டுச் சுவரில் மீட்டர் பெட்டியும் அதற்குக் கீழே மெயின் சுவிட்சும் தெரிந்தன. ஓடிப்போய் அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சத்தம் மெல்ல மெல்ல இறங்கி அடங்கியது.

"போச்சா? காலையில ஒரு மணி நேரம் புடுங்குனது பத்தலையாமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரலைக் கேட்டதும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

எட்வின் வெளியே வந்தார். முப்பது வயதிருக்கும். சட்டை முழுக்க இரும்புச் சுருள். பங்காரு அண்ணனைப் பார்த்தார், பிறகு மெயின் சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்களா ஆஃப் பண்ணுனீங்க?" என்றவர், ஞாயிற்றுக்கிழமை சபையில் பார்த்த அடையாளம் தெரிந்து, "ஆன்ட்டி, நீங்களா? உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றார். நடுத்தெருவில் வந்து கல்லெறிந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்கிற ஊர் இது.

பட்டறைக்குள் போனேன். மேசைமேல் அந்த மெஷின் இருந்தது. அதில் வீல் இல்லை. பக்கத்தில் அளவெடுக்கும் கருவியும், அதை ஒட்டி எஃகு வளையம் ஒன்றும் இருந்தன. புது வீல் காகித உறை பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது.

"இன்னும் மாட்டலைங்களா?"

"இல்லீங்க ஆன்ட்டி. புஷ்ஷைக் கழட்டி அளவு பாத்துட்டு இருந்தேன்."

ஒரு மூச்சு விட்டேன். அந்த ஒரு மூச்சுதான் விட முடிந்தது. அவருக்குப் பின்னால் லேத்து மெஷினின் வாயில், பாதி கடைந்த வளையம் ஒன்று மின்னியது. நாங்கள் வெளியே கேட்டது அதன் சத்தம்தான்.

"அது என்ன?"

எட்வின் முகம் மலர்ந்தது. "அதே மாதிரி இன்னொண்ணுங்க. அங்கிள் என்ன நீட்டா கடைஞ்சிருக்காரு பாருங்க, ஓரத்துல அளவுகூடப் போட்டிருக்காரு. பதினாறுக்கு இருபத்திரண்டுன்னு. இந்த ஐடியா எனக்கு இத்தனை நாளும் தோணலையே ஆன்ட்டி. காலையில ஒண்ணு செஞ்சு, பக்கத்துத் தோட்டத்து நாயுடு ஐயாவுக்குக் குடுத்துட்டேன். இது ரெண்டாவது."

பங்காரு அண்ணன் தொண்டையைச் செருமினார். "அது வந்துங்க தம்பி, அந்த அளவு இப்ப அவ்வளவா யாரும் போடறதில்லைங்க. வேற மாதிரி…"

அவர் இன்னும் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதமாக இப்படித்தான் சுற்றி வளைத்திருக்கிறார்கள். என் கையிலிருந்த அறிக்கையை மேசைமேல் வைத்தேன்.

"எட்வின், அவர் மேல ஃப்ளைவீல் விழலை. இந்த வளையம்தான் அவரைக் கொன்னுது. இதைப் போட்டு அறுக்கும்போது வீல் ஒடஞ்சு கழுத்துல ஏறிடுச்சு. நாயுடு ஐயாவுக்குப் போன் போடுங்க."

அந்த வார்த்தைகளை நான் அதுவரை மனதுக்குள்கூடச் சொன்னதில்லை. எட்வின் அறிக்கையைத் தொடவில்லை. வீட்டுக்குள் ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்து, ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். நின்றது.

"நாயுடு ஐயா பழைய டில்லரை ஒடச்சுட்டு இருக்காருங்க. மெஷின் ஓடுனா கேக்காது."

"தோட்டம் எவ்வளவு தூரம்?"

"சுத்திப் போகோணும். பத்து நிமிஷம்."

மூன்றாம் முறை போட்டார். நான் மணியை எண்ணினேன். பதினோராவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லு தம்பி. உன்ற மோதிரம் நல்லா வெட்டுது போ. வெண்ணெய்ல கத்தி உட்ட மாதிரி போவுது."

"ஐயா, அதை நிறுத்துங்க. கழட்டிருங்க."

"எதுக்கு? இப்பத்தான மாட்டுனேன். இன்னும் ரெண்டு வெட்டுப் போட்டா முடிஞ்சுது. குடுத்துப்போட்டு இப்படித் திருப்பிக் கேக்கறதுக்கு நீ குடுக்காமயே இருந்திருக்கலாம்." சிரிப்புச் சத்தம் கேட்டது.

போனை நான் வாங்கினேன்.

"ஐயா, வணக்கமுங்க."

"யாருங்க அம்மணி?"

"இதை முதல்ல செஞ்சவரோட சம்சாரமுங்க."

"அப்படிங்களா. ரொம்ப கெட்டிக்காரருங்க உங்க ஊட்டுக்காரரு. எங்கீங்க இருக்காரு? பாக்கோணுமே."

"இல்லைங்க. ஏப்ரல் மாசம் தவறிட்டாரு."

"அடடா. என்னங்க ஆச்சு?"

"நீங்க கையில வெச்சிருக்கறதுதானுங்க ஆச்சு."

அந்தப் பக்கம் காக்கை கத்துவது கேட்டது.

"பிளக்கைப் புடுங்கிட்டேனுங்க அம்மணி" என்றார் மெதுவாக.

"கழட்டுங்கய்யா. நான் போனை வைக்க மாட்டேன். கழட்டற சத்தம் எனக்குக் கேக்கணும்."

ஸ்பேனர் உரசியது. ஒருமுறை வழுக்கியது. அவர் மூச்சிரைப்பது தெளிவாகக் கேட்டது. பிறகு வீலைத் தரையில் வைத்தார், பொத்தென்று. கடைசியாகச் சிமெண்டில் சின்னதாக ஏதோ விழுந்து உருண்டு, சுற்றிச் சுற்றி, நின்றது.

"கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க" என்றேன். போனை எட்வின் வாங்கிக்கொண்டார்.

தோட்டத்துக்குப் போய் அதை வாங்கினோம். நாயுடு ஐயா அதை ஒரு தேக்கு இலையில் வைத்துக் கொடுத்தார். கையால் தொட மனம் வரவில்லை போல. லேத்திலிருந்த பாதி வளையத்தையும் எட்வின் கழற்றிக் கொடுத்தார். வேறு யாருக்காவது செய்தீர்களா என்று நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் இல்லை என்றார். ஐந்தாவது முறை கேட்பதற்குள் ஷைலா பள்ளியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அவள் எட்வினின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

திரும்பும் வழியில் பட்டறைக்குப் போய், மூன்று வளையங்களையும் பங்காரு அண்ணன் உலையில் போட்டார். நான் கூடவே நின்று பார்த்தேன். மெஷினையும் பிரித்துப் பழைய இரும்போடு சேர்த்துவிட்டார். பெட்டியிலிருந்த மற்ற ஏழு கருவிகளும் எட்வினிடமே இருக்கின்றன.

சில நாள் கழித்து பங்காரு அண்ணன் வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தார். "அந்த எடத்தை அடிச்சு மூடிரட்டுங்களா அம்மணி? பாக்கப் பாக்கச் சங்கடம்."

"வேண்டாங்கண்ணா. யாராவது கேக்கட்டும்."

"கேட்டா?"

"சொல்லணும்."

அவர் டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று கரண்ட் மீட்டர் பார்க்க ஆள் வந்திருந்தார். ஒர்க்‌ஷாப் மீட்டர் அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டே, "நல்லா கோடு போட்டு வெச்சிருக்காருங்க. நடுவுல இங்க என்ன இருந்துதுங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். தம் வீட்டிலும் ஒரு கட்டிங் மெஷின் இருக்கிறது, தம்பி எப்போதாவது எடுப்பான் என்றார்.

"அதுல கவசம் இருக்குதுங்களா?"

அவர் பலகையிலிருந்த வெள்ளைக் கோட்டையே பார்த்தார்.

"பாக்கோணுமுங்க" என்றார்.

அவர் போனபிறகு, அவருடைய நம்பரை வாங்கி வைக்கவில்லையே என்று வாசல்வரை ஓடினேன். வண்டி தெருமுனையைத் திரும்பிவிட்டிருந்தது. அடுத்து அவர் வர இரண்டு மாதமாகும்.